துளி தொட்டதா, இல்லையா?

நீரின் லைடன்ஃப்ராஸ்ட் வெப்பநிலை, அதாவது சூடான தட்டில் நீர்த்துளி ஒட்டாமல் மிதக்கத் தொடங்கும் வெப்பநிலை, எவ்வளவு என்று தேடினால் ஓரிடத்தில் 193 டிகிரி செல்சியஸ் என்று இருக்கும். இன்னோரிடத்தில் 200 சொச்சம். வேறொன்றில் 300-ஐ ஒட்டி ஓர் எண். உறைநிலை 0, கொதிநிலை 100 என்பதைச் சொல்லும் அதே தொனியில், நீரோடு கூடப்பிறந்த குணம்போல, இந்த எண்ணும் சொல்லப்படுகிறது. அந்தத் தொனிதான் வெகுநாளாக உறுத்துகிறது. ஒவ்வோர் எண்ணும் ஏதோ ஒரு தட்டில், ஏதோ ஒரு துளியை வைத்து, யாரோ ஒழுங்காக அளந்ததுதான். ஆனால் எந்தத் தட்டு, எவ்வளவு பெரிய துளி, எந்த உயரத்திலிருந்து விழுந்தது என்ற மூன்றையும் கழற்றிவிட்டு எண்ணை மட்டும் கையோடு எடுத்துப் போனால், அதை நம்பி ஒரு சின்ன இரும்புத் துண்டைக்கூடக் குளிர்விக்க முடியாது.

நிகழ்வு எல்லோருக்கும் தெரிந்ததே. மிதமாகச் சூடான உலோகத்தில் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று கொதித்து நொடியில் காணாமல் போகும். உலோகம் இன்னும் நன்றாகக் காய்ந்திருந்தால் அதே துளி உருண்டு திரண்டு, தாமரை இலைத் தண்ணீர்போல ஒட்டாமல் ஓடும். ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கும். துளிக்கும் தட்டுக்கும் நடுவே துளியின் சொந்த ஆவியே மெத்தையாக நிற்பதுதான் காரணம். இதுவரை யாருக்கும் சண்டையில்லை. அந்த மெத்தை எப்போது போதுமான தடிப்புக்கு வருகிறது என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

என் கட்சி இதுதான்: நீருக்கென்று அப்படி ஒரு தனி வெப்பநிலை கிடையாது. துளி, தட்டு, மோதும் வேகம் மூன்றும் சேர்ந்து போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் அது. மூன்றில் ஒன்று மாறினாலும் எண் மாறும். சில டிகிரி மாறுவதில்லை, சில நூறு டிகிரி மாறும்.

கரண்டியும் மெழுகுவத்தியும்

சூடான பரப்பில் துளி மிதப்பதை 1732-லேயே டச்சு மருத்துவர் ஹெர்மன் போயர்ஹாவ எழுதிவைத்திருக்கிறார். ஆனால் பெயர் நின்றது யோகான் கோட்லோப் லைடன்ஃப்ராஸ்டுக்கு. ஜெர்மனியின் டுயிஸ்பர்க்கில் மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். 1756-இல் வெளியான தமது லத்தீன் நூலில் அவர் செய்தது எளிய வேலை: இரும்புக் கரண்டி ஒன்றைச் செக்கச்செவேலென்று காய்ச்சி, அதில் ஒரு துளி காய்ச்சி வடித்த நீரை விட்டு, அது மறையும்வரை ஊசலின் ஆட்டத்தை எண்ணினார். முதல் துளி அரை நிமிடத்துக்கு மேல் நின்றது. கரண்டி கொஞ்சம் ஆறியதும் விட்ட இரண்டாவது துளி பத்து வினாடி அளவே நின்றது. மூன்றாவது, அதிலும் மிகக் குறைவு. சூடு குறையக் குறைய நீர் சீக்கிரம் ஆவியாகிறது என்ற தலைகீழான உண்மையை மூன்று துளிகளில் காட்டிவிட்டார்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவர் செய்த இன்னொரு காரியம். துளிக்குப் பின்னால் மெழுகுவத்தியை வைத்து, துளிக்கும் இரும்புக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்தது. அதாவது எத்தனை டிகிரி என்பதற்கு முன்பே, தொட்டிருக்கிறதா இல்லையா என்று கேட்டுவிட்டார். செஞ்சூட்டை எண்ணாக அளக்க அவரிடம் கருவி இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கேள்வியே இந்தத் துறையின் சரியான கேள்வி. நடுவில் வெகுகாலம் அதை விட்டுவிட்டு வெப்பநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அந்த இடைவெளி எவ்வளவு? சில மில்லிமீட்டர் அகலத் துளிக்கு அடியில் 10-லிருந்து 100 மைக்ரான் வரை. தலைமுடியின் தடிப்பு அளவு, அல்லது அதிலும் குறைவு. நீராவியின் வெப்பக் கடத்துதிறன் நீருடையதில் சுமார் இருபத்தேழில் ஒரு பங்கு என்பதால், இத்தனை மெல்லிய படலமே தட்டின் சூட்டைத் தடுத்துவிடுகிறது. கொஞ்சம் கசியும் சூடு துளியின் அடிப்பக்கத்தை ஆவியாக்குகிறது. அந்த ஆவி ஓரங்கள் வழியாக வெளியேறும்போது ஏற்படும் அழுத்தம் துளியைத் தாங்குகிறது. 100 டிகிரி நீருக்குப் பரப்பு இழுவிசையும் எடையும் சமன்படும் நீளம் 2.5 மி.மீ. துளி அதைவிடச் சிறிதானால் உருண்டை; பெரிதானால் சுமார் 5 மி.மீ. உயரமுள்ள தட்டையான குட்டை. ஆரம் ஒரு சென்டிமீட்டரை நெருங்கினால் அடியில் சேரும் ஆவி நடுவில் புகைபோக்கிபோலத் துளைத்துக்கொண்டு மேலே வெடிக்கும்.

உயரத்தை மாற்றினால்

இனி வருவதுதான் என் பார்வையில் திருப்புமுனை. பாடநூலில் வரும் துளி மெதுவாக இறக்கி வைக்கப்பட்ட துளி. நடைமுறையில் எந்தத் துளியும் அப்படி வருவதில்லை. தெளிப்பான் முனையிலிருந்து விநாடிக்குப் பத்து, இருபது மீட்டர் வேகத்தில் வந்து அறைகிறது.

2.3 மி.மீ. விட்டமுள்ள துளியை எடுத்துக்கொள்ளுங்கள். அது படலத்தின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, அடியில் இருக்கும் ஆவி தாங்கவேண்டிய அழுத்தம் சுமார் 100 பாஸ்கல். துளியின் வளைவால் வரும் உள்ளழுத்தம்தான் அதில் பெரும்பங்கு. அதே துளி 20 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்தால் வேகம் விநாடிக்கு 2 மீட்டர். மோதும் அழுத்தம் சுமார் 2,000 பாஸ்கல். இருபது மடங்கு. ஆவி உற்பத்தி அந்தக் கணத்தில் இருபது மடங்கு அழுத்தத்தை எதிர்க்க வேண்டும். தட்டின் சூடு போதாவிட்டால் முடியாது. நீர் உலோகத்தைத் தொடும். தொட்ட கணமே அங்கே கொதி வெடிக்கும். எனவே இறக்கி வைத்தால் மிதக்கும் அதே தட்டில், அதே வெப்பநிலையில், மேலிருந்து விட்டால் சுர்ரென்று கொதிக்கும். எண்ணைத் தட்டின் வெப்பநிலையாக மட்டும் எழுதுபவர் இந்த இரண்டில் எதைச் சொல்கிறார்?

மோதலின் கடுமைக்கு வெபர் எண் என்ற அளவை வைத்திருக்கிறார்கள்: அடர்த்தி, விட்டம், வேகத்தின் வர்க்கம் மூன்றையும் பெருக்கிப் பரப்பு இழுவிசையால் வகுத்தால் கிடைப்பது. விழும் துளிக்கு வேகத்தின் வர்க்கம் உயரத்துக்கு நேர்விகிதம் என்பதால் கணக்கு சுலபம். நமது 2.3 மி.மீ. துளிக்கு ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரமும் வெபர் எண்ணில் சுமார் 6 கூட்டும். 5 செ.மீ. என்றால் 31, 20 செ.மீ. என்றால் 124. நன்றாகக் காய்ந்த தட்டில் வெபர் எண் 30-க்குக் கீழ் இருந்தால் துளி அப்பம்போல விரிந்து, சுருங்கி, முழுதாகத் துள்ளிவிடும். 80-ஐத் தாண்டினால் சிதறும். 1966-இல் வாக்டர்ஸும் வெஸ்டர்லிங்கும் சுமார் 400 டிகிரித் தட்டில் கண்ட இந்த எல்லைகள் இன்றும் முதல் மதிப்பீட்டுக்கு உதவுகின்றன.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. துள்ளும் துளி தட்டில் இருக்கும் நேரம் மோதும் வேகத்தைப் பொறுத்ததே அல்ல. துளி ஒரு வில்சுருள்போல. தன் நிறையும் பரப்பு இழுவிசையும் முடிவு செய்யும் நேரத்தில் விரிந்து சுருங்கும். 2.3 மி.மீ. துளிக்கு அது சுமார் 12 மில்லிவினாடி. மெதுவாக விழுந்தாலும் வேகமாக விழுந்தாலும் அதே 12. இந்த நேரத்துக்குள் எவ்வளவு சூட்டைத் துளி தூக்கிப் போகும் என்று உத்தேசமாகப் பார்க்கலாம். தட்டு 350 டிகிரி, படலம் 10 மைக்ரான், விரிந்த அப்பத்தின் விட்டம் துளியைப்போல இரண்டு மடங்கு என்று வைத்தால் சுமார் 0.2 ஜூல். 20 டிகிரி நீரில் தொடங்கி அந்தத் துளி முழுவதும் ஆவியானால் எடுக்கக்கூடியது 16.5 ஜூல். நூற்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டு 99 பங்கோடு துளி பறந்து போகிறது. குளிர்விப்பவருக்கு இது பெரும் இழப்பு.

மேலிருந்து பார்த்து, சத்தத்தைக் கேட்டு, தொட்டதா என்று சொல்லிவிடலாம் என்றே நெடுநாள் நம்பினோம். சுர்ரென்று சிறு திவலைகள் தெறித்தால் தொட்டது, தெறிக்காவிட்டால் தொடவில்லை. 2012-இல் நெதர்லாந்தின் ட்வென்ட்டே பல்கலைக்கழகத்தில் டிரான், ஸ்டாட், புரோஸ்பெரெட்டி, சுன், லோசே ஆகியோர் மோதும் துளியை அடிப்பக்கத்திலிருந்தும் பார்த்தபோது இந்த நம்பிக்கை உடைந்தது. அவர்கள் பிரித்த நிலைகள் மூன்று. முதலாவது, தொட்டுக் கொதிப்பது. இரண்டாவது, தொடாமல் அமைதியாகத் துள்ளுவது. இதுவரை தெரிந்ததே. இவற்றுக்கு அப்பால், தொடாமலேயே திவலைகளைத் தெறிக்கவிடும் மூன்றாவது நிலை ஒன்றும் இருந்தது. படலம் அறுபடவில்லை, ஆனாலும் மேலே தூறல். தெறிப்பைக் கண்டதும் தொட்டது என்று குறித்துவைத்த பழைய அளவீடுகளில் எத்தனையில் உண்மையாகவே தொட்டது என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது. தொடாமல் இருக்கத் தேவையான வெப்பநிலை வெபர் எண்ணோடு ஏறுகிறது என்பதையும் அவர்கள் காட்டினார்கள்.

அடியிலிருந்து பார்க்கும் உத்தி அழகானது. தட்டாக சபையர் படிகத்தைப் போட்டு, கீழிருந்து ஒளியைச் சாய்வாக விட வேண்டும். சபையரிலிருந்து ஆவிக்குள் போக முயலும் ஒளி 34 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் முழுவதும் திரும்பிவிடும். நீருக்குள் போக முயலும் ஒளிக்கு அந்த எல்லை 49 டிகிரி. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாய்வைத் தேர்ந்தெடுத்தால், ஆவி இருக்கும் இடம் பளிச்சென்றும் நீர் தொட்ட இடம் கறுப்பாகவும் தெரியும். படலம் ஒளியின் அலைநீளத்தைவிட மெலிந்தால்தான் கறுக்கத் தொடங்கும் என்பதால் தப்பிக்க வழியில்லை. இப்படிப் பார்த்தபோது தெரிந்த மற்றொன்று: துளி முதலில் நடுவில் தொடுவதில்லை. கீழே நெருங்கும்போதே அழுத்தத்தால் அதன் அடிப்பக்கம் உள்வாங்கிக் குழிகிறது. குழியைச் சுற்றியுள்ள வளையம்தான் தட்டுக்கு மிக அருகில் வருகிறது. தொடுவதானால் அந்த வளையத்தில்தான் தொடும். துளி முழுதாக விரியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முதல் சில கணங்களிலேயே விஷயம் முடிவாகிவிடுகிறது.

சபையரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒளி ஊடுருவுவது மட்டும் காரணமில்லை. கண்ணாடியும்தான் ஒளி விடும். ஆனால் கண்ணாடியில் துளி பட்ட இடம் உடனே ஆறிவிடும்.

எந்தத் தட்டு

இரண்டு பொருள்கள் தொடும் கணத்தில் எல்லையில் என்ன வெப்பநிலை நிற்கும் என்பதை அவற்றின் வெப்பம் தள்ளும் வலிமை முடிவு செய்கிறது. கடத்துதிறன், அடர்த்தி, வெப்பக் கொள்ளளவு மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அந்த வலிமை வரும். அனைத்துலக அலகில் செம்புக்குச் சுமார் 37,000, அலுமினியத்துக்கு 24,000, துருப்பிடிக்காத எஃகுக்கு 7,700, சாதாரணக் கண்ணாடிக்கு 1,450, நீருக்கு 1,580. கயிறிழுக்கும் போட்டிபோல, வலிமை அதிகமுள்ளவர் பக்கம் எல்லையின் வெப்பநிலை சாயும்.

தட்டு 300 டிகிரி, நீர் 20 டிகிரி என்று வைத்துக் கணக்கிடுங்கள். செம்பில் எல்லை 289 டிகிரி, அலுமினியத்தில் 283. எஃகில் 252. கண்ணாடியில் வெறும் 154. தட்டுக்குள் செருகிய தெர்மோகப்பிள் (உலோகக் கம்பிகளால் ஆன வெப்பமானி) எல்லாவற்றிலும் 300 என்றே காட்டியிருக்கும்! எஃகு 300-இல் தரும் எல்லை வெப்பநிலையைக் கண்ணாடி தர வேண்டுமானால் அதை 500 டிகிரிக்குக் காய்ச்ச வேண்டும். துருப்பிடித்த, பொருக்குக் கட்டிய எஃகும் இதே கதைதான்: ஆக்சைடுப் பொருக்கு சூட்டைச் சரியாகக் கடத்தாததால் அதன் மேற்பரப்பு சட்டென்று ஆறி, நீர் தொட இடம் கொடுக்கிறது. ஆகவே பொருக்கு உள்ள எஃகில் மிதப்பது தொடங்கும் வெப்பநிலை, மெருகேற்றிய எஃகைவிட மேலே போய் நிற்கும்.

சொரசொரப்பும் சேரும். படலமே சில பத்து மைக்ரான்தான். அதைவிட உயரமான மேடு ஒன்று தட்டில் இருந்தால் அது படலத்தைத் துளைத்து நீரைக் குத்தும். குத்திய இடத்தில் கொதி.

அளந்து பார்க்க

இதையெல்லாம் சொந்தமாகச் சரிபார்க்கப் பெரிய ஆய்வகம் வேண்டாம். ஆனால் எளிதாகத் தெரிவதில்தான் தவறுகள் மிகுதி. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தட்டு தடிமனாக இருக்க வேண்டும். 100 மி.மீ. சதுரம், 25 மி.மீ. தடிப்புள்ள அலுமினியக் கட்டி நல்லது. அதன் வெப்பக் கொள்ளளவு டிகிரிக்குச் சுமார் 600 ஜூல். முன்பு சொன்ன 16.5 ஜூலை ஒரு துளி முழுதாக எடுத்தாலும் கட்டி 0.03 டிகிரிகூட இறங்காது. ஒரு மில்லிமீட்டர் எஃகுத் தகட்டில் இதையே செய்தால் சராசரியே 0.4 டிகிரி இறங்கும். துளி பட்ட இடத்தில் பல மடங்கு இறங்கும், அடுத்த துளி ஏற்கெனவே ஆறிய இடத்தில் விழும். மேற்பரப்பை 400, 800, 1200, 2000 என்ற சொரசொரப்பு எண் வரிசையில் நீர் உப்புத்தாளால் தேய்த்து, கடைசியில் உலோக மெருகுப் பசையால் பளபளப்பாக்க வேண்டும். கட்டி குளிர்ந்திருக்கும்போது ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து முழுவதும் உலரவிடுங்கள். சூடான கட்டியின் பக்கம் அந்தப் புட்டியே வரக்கூடாது. இதே காரணத்தால் எத்தனாலைச் சோதிக்கும் ஆசையும் வேண்டாம். அதன் ஆவி திறந்த சுருள் அடுப்பில் பற்றிக்கொள்ளும்.

வெப்பநிலைக்கு அகச்சிவப்பு வெப்பமானியை நம்ப முடியாது. மெருகேற்றிய அலுமினியம் கதிர்வீச்சை உமிழும் திறன் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. அதனால் 300 டிகிரியில் இருக்கும் கட்டியை நூறுக்குக் கீழேகூடக் காட்டும். உங்கள் எண் அடுத்தவர் எண்ணோடு ஒத்துப்போகாததற்கு இது மிகப் பொதுவான காரணம். பக்கவாட்டில் 1.2 மி.மீ. துளை ஒன்றை மேற்பரப்பிலிருந்து 2 மி.மீ. ஆழத்தில், நடுப்பகுதிவரை எட்டும்படி போட்டு, உறையிட்ட 1 மி.மீ. கே வகைத் தெர்மோகப்பிளைச் செருகுங்கள். சாதாரண தரத்தில் அதன் பிழை 2.5 டிகிரி வரை இருக்கலாம். உருகும் பனிக்கட்டியிலும் கொதிநீரிலும் முதலில் சோதித்துக்கொள்வது நல்லது.

துளிக்கு நுனி மழுங்கிய ஊசி போட்ட சிரிஞ்சு போதும். 30 கேஜ் ஊசி ஏறக்குறைய 2.3 மி.மீ. துளி தரும், 21 கேஜ் ஊசி 3 மி.மீ. அளவுக்குத் தரும். ஊகிக்க வேண்டாம்: நூறு துளிகளைச் சிறு கிண்ணத்தில் விட்டு நிறுத்து, நூறால் வகுத்துவிடுங்கள். நீர் காய்ச்சி வடித்ததாக இருக்க வேண்டும். குழாய்நீர் ஒவ்வொரு துளியும் மறையும்போது வெள்ளை வளையம் ஒன்றை விட்டுச்செல்லும்; அந்தச் சுண்ணாம்பு வளையம் அடுத்த துளிக்குப் படலத்தைக் குத்தும் முள்ளாகிவிடும். இருபது துளிக்குப் பின் அளவீடு மெல்ல விலகத் தொடங்கினால் முதலில் தட்டின் முகத்தைப் பாருங்கள். அதுபோல, ஊசியைத் தட்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்குள் வெகுநேரம் பிடித்தால் ஊசியும் உள்ளிருக்கும் நீரும் காய்ந்துவிடும்; 20 டிகிரி என்று நினைத்து 60 டிகிரித் துளியை விட்டிருப்பீர்கள். அதிக உயரத்திலிருந்து விடும்போது எதிரி வேறு: தட்டிலிருந்து எழும் சூடான காற்று துளியைத் தள்ளும். விழும் பாதையைச் சுற்றி அகலமான அட்டைக் குழாய் ஒன்றை, தட்டைத் தொடாமல், நிறுத்தினால் சரியாகும்.

ஆயுளை அளக்கத் தட்டையான பரப்பு உதவாது. உராய்வே இல்லாத துளிக்கு 0.1 டிகிரிச் சரிவே மலைச்சரிவு. மூன்று வினாடியில் ஏழெட்டு சென்டிமீட்டர் ஓடிவிடும். சரிவே இல்லாவிட்டாலும் ஓடும்: சிறு துளிக்குள் நீர் சக்கரம்போலச் சுழன்று துளியை உருட்டிச்செல்கிறது என்பதை 2018-இல் பூயான் என்பவரும் சகாக்களும் காட்டினார்கள். எனவே ஆயுளுக்கு மேலோட்டமான குழி வெட்டிய கட்டி, மோதலுக்குத் தட்டைக் கட்டி என இரண்டு வேண்டும். லைடன்ஃப்ராஸ்டின் கரண்டி எவ்வளவு பொருத்தமான தேர்வு என்பது இப்போது புரியும்.

380 டிகிரியில் தொடங்கிப் பத்துப் பத்தாக இறங்குங்கள். ஒவ்வொரு படியிலும் ஐந்து நிமிடம் நிலைப்படுத்தி, பத்துத் துளி விட்டு நேரம் குறியுங்கள். ஆயுள் ஒரு நிமிடத்தை ஒட்டித் தொடங்கி, இறங்க இறங்கக் கொஞ்சம் நீண்டு, ஓரிடத்தில் மலையுச்சியிலிருந்து விழுவதுபோலச் சரியும். அந்த உச்சிதான் பாடநூல் சொல்லும் லைடன்ஃப்ராஸ்ட் புள்ளி. பிறகு அதே கட்டியில் கீழிருந்து மேலே ஏறிப் பாருங்கள். உச்சி அதே இடத்தில் வராமல் போகலாம்: ஒருமுறை உருவான படலம், உருவாகத் தேவைப்பட்டதைவிடக் குறைந்த சூட்டிலும் தன்னைக் காத்துக்கொள்ளும். ஆகவே எண்ணோடு ஏறும்போது அளந்ததா, இறங்கும்போது அளந்ததா என்றும் எழுதுங்கள். பிறகு தட்டைக் கட்டிக்கு மாறி 1, 5, 20 செ.மீ. உயரங்களில் விடுங்கள். கைப்பேசியில் விநாடிக்கு 240 படம் எடுத்தால் 12 மில்லிவினாடித் துள்ளல் மூன்று படங்களில் முடிந்துவிடும். 960 இருந்தால் விரிவதும் சுருங்குவதும் நன்றாகத் தெரியும். விளக்கைத் துளிக்குப் பின்னால், ஒளி பரப்பும் தாளுக்கு அப்பால் வையுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இதைச் செய்யவே கூடாது. மிதப்பதற்குச் சற்று முந்தைய வெப்பநிலையில்தான் தெறிப்பு மிகக் கடுமை.

படலம் அறுபடும் இடம்

இத்தனை நுணுக்கம் எதற்கு என்றால், பழுக்கக் காய்ச்சிய எஃகை நீரில் தோய்த்துக் கடினமாக்கும்போது நடப்பது முழுக்க இதுதான். 1934-இல் ஷிரோ நுகியாமா நீருக்குள் மின்கம்பியைச் சூடாக்கி வரைந்த கொதிவளைவு இந்த விந்தையை எண்ணாக்கியது. வளி அழுத்தத்தில் தேங்கிய நீரில், தொட்டுக் கொதிக்கும் உச்சத்தில் ஒரு சதுரமீட்டருக்குச் சுமார் பத்து லட்சம் வாட் வெப்பம் போகும். படலம் வந்து மூடியதும் அது சில பத்தாயிரமாக விழுகிறது. 850 டிகிரி எஃகு நீருக்குள் போனதும் முதலில் ஆவிப்போர்வைக்குள் ஒளிந்துகொண்டு மெதுவாக ஆறும். பிறகு போர்வை கிழியும் இடத்தில் மட்டும் பல பத்து மடங்கு வேகத்தில் குளிரும். மூலைகளிலும் விளிம்புகளிலும் முதலில் கிழியும். ஒரு பக்கம் கிழிந்து மறுபக்கம் கிழியாமல் இருக்கும் அந்த ஓரிரு வினாடிகளில்தான் தண்டு வளைகிறது, பல்சக்கரம் விரிசல் விடுகிறது, நடுநடுவே மென்மையான புள்ளிகள் தங்குகின்றன.

நீரின் சூட்டைக் கவனிக்காமல் விடுவது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. தொட்டி 25 டிகிரியில் இருந்தால் ஆவியின் ஒரு பகுதியை நீரே உடனுக்குடன் விழுங்கிப் போர்வையை மெலியவைக்கும். 60 டிகிரிக்கு ஏறவிட்டால் போர்வை தடித்து நெடுநேரம் நிற்கும். காலையில் சரியாக வந்த பாகம் மாலையில் கெடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. நூற்றுக்குப் பத்து அளவு உப்புக் கலந்த நீர் போர்வையைச் சீக்கிரம் கிழிக்கும். பரப்பில் படியும் உப்புத் துகள்கள் வெடித்துச் சிதறி அதைக் குலைக்கின்றன. விடாமல் கலக்கிவிடுவதும் உதவும். எஃகுத் தகட்டை உருட்டும் ஆலைகளில் தெளிப்பு நீரால் ஆற்றும்போதும் இதே ஆபத்து: சற்றே ஆறிய விளிம்பு முதலில் நனையும், நனைந்ததால் இன்னும் வேகமாக ஆறும், தகடு நெளியும். அணு உலையில் குளிர்நீர் இழப்பு விபத்துக்குப் பின் எரிபொருள் குழல்களை மீண்டும் நனைப்பதும் படலத்தோடு நடத்தும் போராட்டமே. அமெரிக்காவின் 1974 விதி அந்தக் குழல்களுக்கு வைத்த உச்சவரம்பு 1,204 டிகிரி; நீர் தொட மறுக்கும் ஒவ்வொரு வினாடியும் அந்த வரம்பை நோக்கிப் போகும் வினாடி.

100-லிருந்து 1,000-க்கு மேல்

ஒரே நீர், வளி அழுத்தம் அதேதான். 2012-இல் வகரெல்ஸ்கியும் சகாக்களும் எஃகு உருண்டைகளுக்குத் தாமரை இலைபோல நீரை ஒட்டவிடாத நுண்சொரசொரப்பைக் கொடுத்துச் சூடாக்கி நீரில் விட்டார்கள். உருண்டை ஆறி 100 டிகிரிக்கு வரும்வரை படலம் கிழியவே இல்லை. வெடிக்கும் கொதி என்ற கட்டமே வரவில்லை. 2024-இல் வெளியான வேறோர் ஆய்வில், மிகச் சிறு தூண்கள் நெருங்கி நிற்கும் பரப்பில் துளி 130 டிகிரியிலேயே மிதந்தது. தூண்கள் நீருக்குள் சூட்டை ஆழமாகச் செலுத்தி ஆவியைப் பெருக்கின. எதிர்முனையில், 2022-இல் ஹாங்காங் நகரப் பல்கலைக்கழகத்தார் தலைமையில் உருவான பரப்பு 1,000 டிகிரிக்கு மேலும் துளியை மிதக்கவிடாமல் தடுத்தது. எஃகுத் தூண்கள் சூட்டை மேலே கொண்டுவரும். தூண்களுக்கு நடுவே பதித்த வெப்பம் கடத்தாத நார்ப்படலம் நீரை உறிஞ்சிப் பிடிக்கும். அதற்கு அடியில் உள்ள கால்வாய்கள் ஆவியைப் பக்கவாட்டில் வெளியேற்றும். ஆவிக்கு வழி கிடைத்துவிட்டதால் மெத்தையாகச் சேர அதற்கு அவகாசமில்லை.

மிதக்கத் தொடங்குவது ஓரிடத்தில் 130, இன்னோரிடத்தில் ஆயிரத்தைத் தாண்டியும் இல்லை. 193 என்று தனியே அச்சிடுபவர்கள் அதன் பக்கத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்: எந்தத் தட்டு, எந்தத் துளி, எந்த உயரம்.

மிதக்கும் துளியின் கடைசி நொடியையும் சொல்லிவிடுகிறேன். தூய சிறு துளி சில பத்து மைக்ரான் அளவுக்குச் சுருங்கியதும், அதன் அடியில் எழும் ஆவி எடையைத் தாண்டித் தள்ளுவதால், தட்டைவிட்டு மேலே கிளம்பிப் போய்விடும். 2012-இல் செலஸ்தினியும் சகாக்களும் இதைப் படம்பிடித்தார்கள். ஆனால் பெரிதாகத் தொடங்கிய துளியில் அழுக்கும் அதிகம். சுருங்கச் சுருங்க அந்தத் துகள்கள் மேற்பரப்பில் நெருங்கி அடைத்து, ஆவியாவதைத் தடுக்கின்றன. மெத்தை மெலிந்து, துளி தட்டில் பட்டு வெடிக்கிறது. இதை விளக்கிய ஆய்வு 2019-இல்தான் வந்தது. லைடன்ஃப்ராஸ்ட் 1756-லேயே அதைக் காதால் கேட்டிருந்தார். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்த துளி, முடிவில் டப்பென்ற ஓசையோடு மறைந்து, கரண்டியில் ஒரு மண்துகளை விட்டுப்போகிறது என்று எழுதிவைத்தார். அரை நிமிடம் தொடாமலே மிதந்த துளி, இரும்பைத் தொட்ட சத்தம் அது.